பித்தப்பையை அகற்றிப் பல ஆண்டுகள் கழித்தும் தொல்லை தொடர்ந்தால்: படிப்படியான வழிகாட்டி

2014ஆம் ஆண்டு, பித்தப்பைக் கற்களுக்காக எனக்கு வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பினேன், ஒரு மாதத்தில் பள்ளி வேலைக்கும் போய்விட்டேன். அதன் பிறகு இரண்டு தொல்லைகள் மெல்லத் தொடங்கின. காலை உணவு முடிந்த கால்மணி நேரத்துக்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை வலது விலாவுக்குக் கீழே, அறுவைக்கு முன்பு இருந்த அதே வலி வந்து போனது. துறையூரிலிருந்து திருச்சிக்குத் தினமும் பேருந்தில் போய்வந்த எனக்கு, வெறும் வயிற்றோடு கிளம்புவதே எட்டு ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. பார்த்த மருத்துவர்களில் பலர் வாய்வு என்றார்கள், மனக்கவலை என்றார்கள், பித்தப்பை இல்லாதவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னார்கள். கடைசியில், பேதிக்குக் காரணம் பித்த அமிலம் என்றும், வலிக்குக் காரணம், பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தக் குழாயில் புதிதாக உருவான கல் என்றும் தெரிந்தது. இரண்டுக்குமே மருத்துவம் இருந்தது.

நான் மருத்துவர் அல்லேன். இங்கே எழுதுவது மருத்துவரைப் பார்ப்பதற்கு மாற்றாகாது. எந்த மருத்துவரிடம், எந்தத் தாளோடு, எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதை அறியாமல் நான் இழந்த ஆண்டுகளை நீங்கள் இழக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

1. முதலில் இது அவசர நிலையா என்று பாருங்கள்

கீழே சொல்லும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் மற்றப் படிகளை விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக் குழாயில் அடைப்பும் கிருமித்தொற்றும் இருக்கக்கூடும். அது சில மணி நேரங்களில் உயிருக்கே ஆபத்தாக மாறலாம், ஆகவே விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நெஞ்சுக்குழியில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலியும் நிற்காத வாந்தியும் கணைய அழற்சியின் அடையாளமாக இருக்கலாம். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்திலும் மலம் வெளிறிய களிமண் நிறத்திலும் போனால், வலி இல்லாவிட்டாலும் அது அவசரமே.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நெஞ்சுக்குழி வலி என்று நாம் நினைப்பது மாரடைப்பாகவும் இருக்கலாம். நடந்தால் கூடுகிற வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை இருந்தால் 108ஐ அழைத்து, முதலில் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் இரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, மாலைக் காய்ச்சல் ஆகியவை உடனடி அவசரம் அல்ல என்றாலும், ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போடக் கூடாதவை. தார் போன்ற கறுப்பு மலம் போனாலோ தலைச்சுற்றல் இருந்தாலோ அன்றே போக வேண்டும். குடல் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது, அதையும் பித்தப்பை அறுவையின் பின்விளைவு என்று எண்ணிக் காலம் கடத்தியவர்கள் உண்டு.

2. பழைய ஆவணங்களைத் திரட்டுங்கள்

வயிற்று மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, அறுவையின்போது உள்ளே என்ன செய்தார்கள் என்பதாகவே இருக்கும். அதற்கு உங்கள் நினைவிலிருந்து பதில் சொல்ல முடியாது, தாள்தான் சொல்ல முடியும். நான்கு ஆவணங்கள் வேண்டும்: டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, அகற்றிய பித்தப்பையின் பயாப்ஸி அறிக்கை, அறுவைக்கு முந்தைய ஸ்கேன் மற்றும் இரத்தப் பரிசோதனை முடிவுகள்.

இவற்றில் அறுவைக் குறிப்பைத்தான் பெரும்பாலோர் வாங்கி வைப்பதில்லை. வீக்கம் கடுமையாக இருந்தால், குழாய்க்குச் சேதம் வராமல் இருக்க, பித்தப்பையின் ஒரு பகுதியை உள்ளேயே விட்டுவிட்டு மீதியை மட்டும் அகற்றுவது அறுவை மருத்துவர்கள் சரியான காரணத்தோடு எடுக்கும் முடிவுதான். ஆனால் அந்த மிச்சப் பகுதியில் பிற்காலத்தில் கல் உருவாகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பித்தப்பை அகற்றப்பட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டிருந்தால், இந்தச் செய்தி அறுவைக் குறிப்பில் மட்டுமே இருக்கும். பயாப்ஸி அறிக்கையை வாங்காமல் விட்டவர்கள் இப்போதாவது வாங்கிப் படித்துக்காட்டுங்கள். கல்லுக்காக அகற்றிய பித்தப்பையில் எதிர்பாராமல் புற்றுநோய் தெரியவருவது அரிதாக உண்டு, அதை அறிந்துகொள்ள அந்தத் தாளைத் தவிர வேறு வழி இல்லை.

2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அதே விதிகள், உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வரை வைத்திருக்கவே கட்டாயப்படுத்துகின்றன. அதற்குப் பிறகு அழித்துவிட்டோம் என்று சொன்னால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. எனக்கு அறுவை நடந்த மருத்துவமனையில் நான் எட்டாம் ஆண்டில் கேட்டபோது அறுவைக் குறிப்பு இல்லை. பயாப்ஸி அறிக்கையின் நகல் மட்டும் ஆய்வகக் கணினியிலிருந்து கிடைத்தது. ஆகவே அறுவை முடிந்து மூன்று ஆண்டு ஆகாதவர்கள், தொல்லை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வாரமே எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். உள்நோயாளி எண், அனுமதித்த தேதி, ஆதார் நகல் ஆகியவற்றை இணைத்து மருத்துவ ஆவணப் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் செலவுக்கு மேல் பெரிய கட்டணம் இருக்காது. மூன்று ஆண்டுகள் கடந்தவர்களும் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம், பல மருத்துவமனைகள் கணினியில் நெடுங்காலம் வைத்திருக்கின்றன.

அறுவைக்கு முன்போ பின்போ, வாய்வழியே குழாய் விட்டுச் செய்யும் ஈ.ஆர்.சி.பி. சிகிச்சையின்போது பித்தக் குழாயில் ஸ்டென்ட், அதாவது அடைப்பு வராமல் வைக்கும் சிறு குழாய், வைத்திருந்தால், அது எடுக்கப்பட்டதா என்பதை ஆவணத்தில் உறுதிசெய்யுங்கள். பிளாஸ்டிக் ஸ்டென்டை ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். உள்ளே மறந்துவிடப்பட்ட ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு, ஆண்டுகள் கழித்துக் காய்ச்சலும் மஞ்சளுமாக வெளிப்படுவது மருத்துவர்களுக்குப் பழகிய கதை.

3. நான்கு வாரம் குறிப்பேடு எழுதுங்கள்

கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. முன்பு பித்தப்பை அதைச் சேர்த்துச் செறிவாக்கி, சாப்பிடும் நேரத்தில் வெளியேற்றியது. இப்போது அது ஓயாமல் குடலுக்குள் வடிந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் துன்பமும் இல்லை. துன்பம் உள்ளவர்களுக்கும் காரணம் ஒன்றே அன்று: குழாயில் கல், குழாய்ச் சுருக்கம், பித்தக் குழாய் குடலில் திறக்கும் இடத்தில் உள்ள ‘ஓடி’ (Oddi) என்ற சுருக்குத்தசையின் கோளாறு, பித்த அமிலப் பேதி, இரைப்பைப் புண், அமில எதுக்களிப்பு, எரிச்சல் குடல் (ஐ.பி.எஸ்.), துளையிட்ட இடத்தில் குடலிறக்கம், வயிற்றுச் சுவர் நரம்பு வலி என்று பட்டியல் நீளும். மருத்துவரிடம் போய் ‘வயிறு சரியில்லை’ என்று சொன்னால் அத்தனையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும், நமக்குக் கிடைப்பதும் ஒரே அமில மாத்திரையாக இருக்கும். ஆகவே தொல்லைகளைப் பிரித்து எழுத வேண்டும்.

ஒரு பள்ளி நோட்டுப் போதும். வலிக்கு: தொடங்கிய மணி, முடிந்த மணி, இடம், எங்கே பரவியது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், குனிந்தாலோ மலம் கழித்தாலோ குறைந்ததா. பேதிக்கு: ஒவ்வொரு முறையும் மணி, நீர்போலவா குழைவாகவா, எண்ணெய்ப் பசையோ எரிச்சலோ இருந்ததா, இரவில் எழுந்தீர்களா. இவற்றோடு சிறுநீரின் நிறம், அன்று எடுத்த மாத்திரைகள், வாரம் ஒருமுறை எடை.

இந்தக் குறிப்பு எதற்குப் பயன்படும் என்றால், பித்தக் குழாய் வலிக்கு ஒரு தனி முகம் உண்டு. அது நெஞ்சுக்குழியிலோ வலது மேல்வயிற்றிலோ எழுந்து, ஏறி, ஒரே சீராக அரைமணி நேரமோ அதற்கு மேலோ நிற்கும். செய்துகொண்டிருக்கும் வேலையைத் தொடர விடாது. தினமும் வராது, இடைவெளி விட்டு வரும். மலம் கழித்தாலும், புரண்டு படுத்தாலும், அமில மருந்து குடித்தாலும் பெரிதாகக் குறையாது. இதற்கு மாறாக, ஒரு விரல் நுனியால் காட்டிவிடக்கூடிய ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக வலிப்பதும், மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கி வயிற்றை இறுக்கினால் அந்த வலி கூடுவதும் வயிற்றுச் சுவரைச் சேர்ந்த வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குச் சில சமயம் அந்த இடத்தில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டாலே நிவாரணம் கிடைக்கும். இதை அறியாமல் ஸ்கேன் மேல் ஸ்கேனாக எடுத்துப் பணம் கரைத்த ஒரு சக ஆசிரியையை எனக்குத் தெரியும்.

4. வலி வந்த அன்றே இரத்தம் எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். குழாயில் கல் சிக்கும்போது எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய கல்லீரல் நொதிகள் இரத்தத்தில் சில மணி நேரத்தில் ஏறுகின்றன. கல் விலகிவிட்டால் அவை சில நாட்களில் இறங்கிவிடுகின்றன. நான் ஒவ்வொரு முறையும் வலி போன பிறகு, முன்பதிவு கிடைத்த நாளில், நான்கைந்து நாள் கழித்தே பரிசோதனைக்குப் போனேன். ஒவ்வொரு அறிக்கையும் நன்றாகவே இருந்தது, என் வலிக்குச் சாட்சி இல்லாமல் போனது. ஒரு மருத்துவர் மட்டுமே, அடுத்த முறை வலி வந்தால் எந்த நேரமானாலும் இரத்தம் கொடுங்கள் என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். அந்தச் சீட்டோடு எடுத்தபோது எஸ்.ஜி.பி.டி. 312 இருந்தது. ஆறாம் நாள் அதே ஆய்வகத்தில் 38 ஆகிவிட்டது.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே இந்தச் சீட்டைக் கேளுங்கள். அதில் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும், கணையத்துக்கான அமிலேஸ், லைபேஸ் ஆகிய இரண்டும் இருக்க வேண்டும். வலி தொடங்கிய சில மணி நேரத்துக்குள் முதல் முறையும், 24 முதல் 48 மணி நேரம் கழித்து இரண்டாம் முறையும் எடுத்தால் ஏற்ற இறக்கம் தாளில் பதிவாகும். இரவில் திறந்திருக்கும் ஆய்வகம் எது, வீட்டுக்கு வந்து எடுப்பவர்கள் யார் என்பதை வலி இல்லாத நாளிலேயே விசாரித்து வையுங்கள். இவற்றுக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை, ஆகவே சாப்பிட்டுவிட்டோமே என்று மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். எனக்கு மூன்றும் சேர்ந்து ஒரு முறைக்கு ஏறத்தாழ 1,500 ரூபாய் ஆயிற்று.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் மூலிகைப் பொடிகளையும் கஷாயங்களையும் குடித்துக்கொண்டிருந்தால், நொதிகள் அவற்றால் ஏறியதா குழாய் அடைப்பால் ஏறியதா என்பது புரியாமல் போகும். கொரோனா காலத்தில் பலர் அருந்திய சீந்தில் கொடியால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கற்கள் வெளியேறும் என்ற செய்தியை நம்பாதீர்கள். மலத்தில் தெரியும் பச்சை உருண்டைகள் அந்த எண்ணெய் குடலுக்குள் சோப்பாகத் திரண்டவையே.

5. எந்த மருத்துவரிடம் போவது

அறுவை செய்த மருத்துவரிடம் ஒருமுறை போவது முறை. துளையிட்ட இடங்களில், குறிப்பாகத் தொப்புளில், குடலிறக்கம் இருக்கிறதா என்று அவர் நின்ற நிலையில் இரும வைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகு நமக்கு வேண்டியவர் குடல் இரைப்பை மருத்துவ நிபுணர், அதாவது மெடிக்கல் கேஸ்ட்ரோ என்று பலகையில் எழுதியிருப்பவர். சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ அறுவைக்கு உரியவர், பித்தக் குழாய் சுருங்கியிருந்தாலோ மிச்சப் பித்தப்பையை எடுக்க வேண்டியிருந்தாலோ அவரிடம் செல்ல வேண்டும்.

செலவு இயலாதவர்கள் அரசு மருத்துவமனைகளைத் தாழ்வாக எண்ண வேண்டாம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லி மருத்துவமனையிலும், மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையிலும், புதுச்சேரியில் ஜிப்மரிலும் இதற்கான தனித் துறைகள் இருக்கின்றன. புறநோயாளிப் பிரிவுக்குக் குறித்த நாட்கள் உண்டு, முந்தைய வாரமே விசாரித்துக்கொண்டு, விடியற்காலையில் போய்விடுங்கள். உள்ளூர் மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் வேலை விரைவாக நடக்கும்.

மருத்துவர் முன்னால் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அறுவைத் தேதி, தொல்லை தொடங்கிய மாதம், வலியின் எண்ணிக்கை, பேதியின் எண்ணிக்கை, இதுவரை எடுத்த மருந்துகள், அவற்றால் பயன் இருந்ததா ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி மேலே வைத்துக் கொடுங்கள். குறிப்பேட்டை முழுவதுமாக நீட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

6. பரிசோதனைகளை வரிசையாக எடுங்கள்

தொடக்கத்தில் வயிற்று அல்ட்ராசவுண்ட் போதும், தனியாரிடம் 1,000 ரூபாயை ஒட்டி ஆகும். அதில் பொதுப் பித்தக் குழாய் 8 மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் கலங்கிவிடாதீர்கள். பித்தப்பை உள்ளவர்களுக்கு 6 மில்லிமீட்டர் வரை இயல்பு என்பார்கள், அகற்றியவர்களுக்குக் குழாய் சற்று விரிந்து 10 மில்லிமீட்டர் வரை இருப்பதும் உண்டு. இரத்தப் பரிசோதனையும் வலியும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பதை வைத்தே மருத்துவர் முடிவெடுப்பார். மறுபுறம், அல்ட்ராசவுண்டில் கல் தெரியவில்லை என்பதால் கல்லே இல்லை என்று ஆகிவிடாது. குழாயின் கீழ்ப்பகுதியைக் குடல் வாயு மறைத்துவிடும், என் கல்லும் இரண்டு முறை அப்படித் தப்பியது.

அடுத்தது எம்.ஆர்.சி.பி., அதாவது பித்தக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இதற்கு ஊசி மருந்து பெரும்பாலும் தேவையில்லை, நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் போதும். அறுவையின்போது வைத்த கிளிப்புகளைப் பற்றி ஸ்கேன் மையத்தில் சொல்லுங்கள், அவை பொதுவாக டைட்டானியத்தால் ஆனவை என்பதால் பெரும்பாலும் தடை இருக்காது. நான் தனியார் மையத்தில் 7,000 ரூபாய் கொடுத்தேன், அரசு மருத்துவமனைகளில் இதைவிடக் கணிசமாகக் குறைவு. அறிக்கைத் தாளோடு நிற்காமல் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் கருத்துக் கேட்கப் போகும்போது மருத்துவர் படத்தையே பார்க்க விரும்புவார், அது இல்லாவிட்டால் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார். மிகச் சிறிய கல்லுக்கு எம்.ஆர்.சி.பி.யைவிட எண்டோஸ்கோப்பி வழியான அல்ட்ராசவுண்ட் நுட்பமானது, ஆனால் பெரிய ஊர்களில் மட்டுமே கிடைக்கிறது. நெஞ்செரிச்சல், குமட்டல், பச்சை வாந்தி உள்ளவர்களுக்கு இரைப்பை எண்டோஸ்கோப்பி தனியாகத் தேவைப்படும்.

7. பேதிதான் முதன்மைத் தொல்லை என்றால்

முதலில் எளிய காரணங்களை விலக்குங்கள். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் பேதியை உண்டாக்கக்கூடியது, பல ஆண்டுகள் எடுத்த பிறகும் அது நிகழலாம். பித்தக் கல் மாத்திரை என்று நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் உர்சோடியாக்ஸிகோலிக் அமிலமும் சிலருக்குப் பேதி தரும். பித்தப்பை போன பிறகும் அதை ஏன் எடுக்கிறோம் என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள், நானே இரண்டு ஆண்டுகள் காரணம் அறியாமல் விழுங்கினேன். தைராய்டு மிகை, பால் சர்க்கரை செரியாமை, கோதுமையில் உள்ள குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் ஆகியவற்றுக்கும் பரிசோதனை உண்டு. இரண்டு வாரம் பாலையும் பால் காப்பியையும் நிறுத்திப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

இவை எதுவும் இல்லையென்றால் பித்த அமிலப் பேதியைப் பற்றிக் கேளுங்கள். குடலுக்கு வரும் பித்த அமிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகிறது. உறிஞ்சப்படாமல் மிஞ்சுவது பெருங்குடலுக்குள் இறங்கினால், அங்கே நீரைச் சுரக்கவைத்து அவசரமாக வெளியேற்றுகிறது. மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பதும், ஆசனவாயில் எரிச்சலும், உணவுக்குப் பின் பொறுக்க முடியாத அவசரமும் இதன் குணங்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் இதற்கு செஹ்காட் என்ற கதிரியக்க மாத்திரைப் பரிசோதனை இருக்கிறது. நமக்கு அது எளிதில் கிடைப்பதில்லை என்பதால், மருந்தைக் கொடுத்துப் பார்த்துப் பலனைக் கொண்டு முடிவெடுப்பதே நடைமுறை.

அந்த மருந்து கொலஸ்டிரமின் தூள். கொழுப்பைக் குறைப்பதற்கென்று வந்த மருந்து, குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. 4 கிராம் பொட்டலங்களாக வரும், சிறிய மருந்துக் கடைகளில் இருக்காது, இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லி வரவழைக்க வேண்டும். எனக்கு அரைப் பொட்டலத்தில் தொடங்கினார்கள், நான்காம் நாளே மாற்றம் தெரிந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறிய அன்று, சமயபுரம் தாண்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தூளை உலர்வாக வாயில் போடக் கூடாது, ஒரு தம்ளர் நீரிலோ நீர்மோரிலோ நன்றாகக் கலக்கிக் குடிக்க வேண்டும். மற்ற மருந்துகளையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றை இதற்கு ஒரு மணி நேரம் முன்போ நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். தைராக்ஸின், வார்ஃபரின், டிகாக்ஸின் எடுப்பவர்கள் நேரங்களை மருத்துவரிடம் எழுதி வாங்காமல் தொடங்கவே வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் அளவைக் குறைக்கச் சொல்வார்கள். நீண்ட காலம் எடுத்தால் ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களின் உறிஞ்சல் குறையலாம், டிரைகிளிசரைடு ஏறலாம், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தத்தில் பாருங்கள். தூளின் சுவை ஒத்துவராதவர்களுக்குக் கொலசெவெலம் என்ற மாத்திரை இருக்கிறது, விலை கூடுதல்.

பயண நாளில் லோபெரமைடு மாத்திரை உதவும், ஆனால் காய்ச்சலோ இரத்தமோ இருக்கும் பேதியில் அதை எடுக்கக் கூடாது. எரிச்சல் குடலுக்கான எலுக்ஸடோலின் என்ற மருந்தைப் பித்தப்பை இல்லாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்திருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். கோடீன் கலந்த வலி மருந்துகளும் சிலருக்குச் சுருக்குத்தசையை இறுக்கி வலியைக் கூட்டிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவரிடமும்கூட, பித்தப்பை இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள்.

8. சாப்பாட்டில் மாற்ற வேண்டியவை

எண்ணெயே கூடாது என்று ஒதுக்குவதும் தவறு, அப்படி ஆறு மாதம் இருந்து நான் எடையை இழந்தேன். ஒரே வேளையில் சேரும் கொழுப்பின் அளவுதான் முக்கியம். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு இருக்கிறது. வீட்டில் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 15 கிராம் வரும். தேங்காய், பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் இருப்பதை இதோடு கூட்டினால் பலருக்கு அது தாங்கக்கூடிய அளவே. பூரியும் தேங்காய்ச் சட்னியும் வடையும் ஒரே வேளையில் சேர்வதுதான் தாங்காது. மூன்று வேளையை ஐந்து சிறிய வேளைகளாகப் பிரியுங்கள். கரையும் நார்ச்சத்தான இசப்கோலும் ஓட்ஸும் மலத்தைக் கட்டுப்படுத்தும், ஆனால் இசப்கோலையும் மாத்திரைகளுக்கு இடைவெளி விட்டே எடுக்க வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றில் காப்பி பலருக்கு அவசரத்தைத் தூண்டும், இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்ட பிறகு குடித்துப் பாருங்கள். விரதம் இருப்பவர்கள் விரதத்தை முடிக்கும் வேளையில் கவனம் வையுங்கள். நாள் முழுதும் ஒன்றும் உண்ணாமல் மாலையில் எண்ணெய்ப் பலகாரத்தில் தொடங்கினால் அன்றிரவு துன்பம்தான். கஞ்சியில் தொடங்கி, ஒரு மணி நேரம் கழித்து மற்றதைச் சாப்பிடலாம்.

9. ஈ.ஆர்.சி.பி.க்குச் சம்மதிக்கும் முன்

குழாயில் கல் இருப்பது ஸ்கேனில் உறுதியானால் ஈ.ஆர்.சி.பி. தான் உரிய சிகிச்சை. வாய்வழியே குழாயை விட்டு, சுருக்குத்தசையைச் சற்று வெட்டி, கல்லை எடுத்துவிடுவார்கள். எனக்கு ஓர் இரவு தங்கல், 62,000 ரூபாய் செலவு. ஆனால் கல் தெரியாமல், குழாய் விரியாமல், நொதிகளும் ஏறாமல், வலி மட்டும் இருக்கும்போது தசையை வெட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நிறுத்தி யோசியுங்கள். பித்தப்பை அகற்றியும் வலி தீராத 214 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், தசையை வெட்டியவர்களுக்கு, வெட்டுவதுபோல் மட்டும் செய்தவர்களைவிட நன்மை ஏதும் கிடைக்கவில்லை. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கணைய அழற்சி வரும் ஆபத்து சிறியதன்று, அது வந்தால் தங்கும் நாட்களும் செலவும் பன்மடங்காகும். இரண்டாம் கருத்துக்குச் செலவாகும் ஆலோசனைக் கட்டணம் அதன் முன் ஒன்றுமே இல்லை.

சம்மதித்தால் கேட்க வேண்டியவை: ஸ்டென்ட் வைப்பீர்களா, எந்தத் தேதியில் எடுப்பீர்கள், எடுக்கும் கட்டணம் இதில் அடங்குமா. இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை இதய மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. காப்பீடு

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு நாள் ஆகும் என்பதால் ஈ.ஆர்.சி.பி. தேதி குறித்த பிறகு ஓடாமல், இப்போதே வாங்கி வையுங்கள்.

தனியார் காப்பீட்டில் இரண்டு பொறிகள். பரிசோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் படுத்தால் பணம் கிடைக்காது, அது பாலிசிகளில் பொதுவாக உள்ள விலக்கு. ஸ்கேன் செலவு திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி மருத்துவமனையில் சேரச் சொன்னால் ஏமாறாதீர்கள். ஆனால் சிகிச்சைக்காகச் சேர்ந்தால், அதற்கு முந்தைய 30 நாட்களிலும் பிந்தைய 60 நாட்களிலும் ஆன தொடர்புடைய பரிசோதனை, மருந்துச் செலவுகளைப் பல பாலிசிகள் தருகின்றன. எம்.ஆர்.சி.பி. எடுத்த 35ஆம் நாள் சேர்ந்ததால் அந்த 7,000 ரூபாயை நான் இழந்தேன். ஆகவே பாலிசியில் உள்ள நாட்களைப் பார்த்துத் தேதியைக் குறியுங்கள், மருத்துவரின் சீட்டும் அசல் ரசீதும் பத்திரமாக இருக்கட்டும்.

புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் பழைய அறுவையை விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள். 2024இல் வந்த விதிகளின்படி, ஏற்கனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான். முகவர் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டு மறைத்தால், வயிறு சம்பந்தமான ஒவ்வொரு கோரிக்கையையும் நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். விண்ணப்பத்தின் நகலில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை அதனோடு இணைத்து, அனுப்பிய மின்னஞ்சலையும் சேமித்து வையுங்கள்.